கவுன்சிலரின் சொத்து, பரிசு விவரங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?

மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் ஒன்றில் வசிக்கும் நீங்கள், உங்கள் மாமன்ற உறுப்பினரின் சொத்துகளையும் அவர் பெற்ற பரிசுகளையும் பார்க்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சொத்துக்கு வழி உண்டு. பரிசுக்கு அநேகமாக இல்லை.

2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் போட்டியிட்ட ஒவ்வொருவரும் தம்முடைய, வாழ்க்கைத் துணையுடைய சொத்து, கடன் ஆகியவற்றையும் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் வேட்புமனுவோடு உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்தனர். அது பொது ஆவணம். ஆனால் அது மனுத்தாக்கல் செய்த நாளின் நிலவரத்தை மட்டுமே காட்டும். பதவியேற்ற பிறகு வாங்கிய மனையைப் பற்றி ஒரு வரிகூட அதில் இராது.

ஒப்பிட்டுப் பார்க்க, இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளாட்சி மன்ற உறுப்பினர்கள் பதவியேற்ற 28 நாட்களுக்குள் தம் நிலம், வேலை, ஒப்பந்தம் முதலிய நலன்களை அறிவிக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்திலும் வெளியாக வேண்டும். அங்கும் பரிசு பற்றிய விதியை அந்தந்த மன்றத்தின் நடத்தை நெறியே வகுக்கிறது.

இங்கே கைகொடுப்பது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையிலுள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அனுப்பினால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தனிநபர் தகவல் என்று மறுத்தால், பொதுநலனைச் சுட்டும் 8(2) பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். என் யோசனை, பரிசைத் துருவுவதைவிட, வார்டுப் பணிகளின் ஒப்பந்ததாரர் பெயர்களையும் மன்றத் தீர்மானங்களையும் கேளுங்கள். அவை தனிநபர் தகவல் அல்ல.