நாக்கு பல: ஆளுக்கும் ஏட்டுக்கும் ஒரு சொல்

கேள்வி: ஆறு மொழி பேசும் இளைஞர் ஒருவரை ஆங்கில நாளிதழ் 'பாலிகிளாட்' என்று எழுதியிருந்தது. அதே சொல்லை நூலகப் பட்டியலில் பழைய விவிலியப் பதிப்பு ஒன்றின் பெயரிலும் கண்டேன். ஆளுக்கும் நூலுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்? தமிழில் இதை எப்படி எழுதலாம்?
(வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை)

பதில்: கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல, 'கிளாட்டா' என்றால் நாக்கு. அந்த மொழியில் நாக்கைக் குறிக்கும் சொல்லே பேசும் மொழியையும் குறித்ததால், 'பல நாவுடைய' என்பதுதான் இதன் நேர்ப்பொருள். நாவுடையது ஆளா, ஏடா என்பதைச் சொல் தானாகச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டு முதலே இரண்டு பொருளிலும் இது வழங்கி வருகிறது.

நூலைப் பொறுத்தவரை, பல மொழிப் பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய எல்லாமே பாலிகிளாட் ஆகிவிடாது. ஒரே மூலம் பல மொழிகளில், வரிக்கு வரி ஒப்பிடத் தக்கவாறு அருகருகே அச்சாகியிருக்க வேண்டும். ஸ்பெயினின் அல்காலா நகரில் கர்தினால் சிஸ்நேரோஸ் தம் செலவில் அச்சிடச் செய்த ஆறு தொகுதி விவிலியம் இதற்கு நல்ல சான்று. அச்சு வேலை 1517இல் முடிந்தது. அவரும் அதே ஆண்டு மறைந்தார். அதன் பழைய ஏற்பாட்டுப் பக்கத்தைத் திறந்தால் வெளியோரத்தில் எபிரேயம், நடுவில் இலத்தீன், உள்ளோரத்தில் கிரேக்கம் என மூன்று பத்திகள் நிற்கும். கிரேக்க வரிகளுக்கு இடையிலேயே சொல்லுக்குச் சொல் இலத்தீன் பொருள் பொடி எழுத்தில் ஓடும். முதல் ஐந்து நூல்களில் மட்டும் பக்கத்தின் அடியில் அரமேயமும் அதன் இலத்தீன் பெயர்ப்பும் சேரும். இலத்தீன் பாடம் இரு கள்வர் நடுவே நிற்கும் கிறிஸ்துவைப் போல் நிற்கிறது என்று அதன் முன்னுரை கூறுகிறது. எபிரேயமும் கிரேக்கமும்தான் அந்தக் கள்வர்கள் என்றால், மூலத்தை ஒப்பிடக் கொடுத்தவர்களே மூலத்தின் மேல் எவ்வளவு ஐயம் வைத்திருந்தார்கள் பாருங்கள்!

1516இல் ஜெனோவாவில் வெளியான திருப்பாடல் பதிப்பு இன்னும் சுவையானது. எபிரேயம், கிரேக்கம், அரபு, அரமேயம், இலத்தீன் ஆகியவற்றை எட்டுப் பத்திகளில் தந்த அதன் பதிப்பாசிரியர் ஜியுஸ்தினியானி, 'உலகின் எல்லை வரை' என்று வரும் 19ஆம் பாடலின் ஓரக் குறிப்பில், தம் ஊர்க்காரரான கொலம்பஸின் வாழ்க்கையையே எழுதிவிட்டார். லண்டனில் 1657இல் நிறைவுற்ற வால்ட்டனின் விவிலியப் பதிப்பில் ஒன்பது மொழிகள் உண்டு. ஆனால் ஒன்பதும் சேர்ந்து வரும் நூல் அதில் ஒன்றுகூட இல்லை.

ஆளையும் நூலையும் இணைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. போலோனா நகரில் தச்சர் மகனாய்ப் பிறந்த கர்தினால் மெத்ஸோஃபாந்தி (1774–1849) முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசியவராகப் புகழ்பெற்றவர். அவரைச் சந்தித்த கவிஞர் பைரன் 'நடமாடும் பாலிகிளாட்' என்று எழுதினார். 'நடமாடும்' என்ற அடை இருப்பதால், பைரன் மனத்தில் இருந்தது பல பத்தி நூல்தான் என்று கொள்வதே பொருத்தம்.

கேள்வி: இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பாலிகிளாட் என்று சொல்லலாமா?
(வாசகர் ஒருவர், மட்டக்களப்பு)

பதில்: கண்டிப்பான பொருளில் சொல்ல முடியாது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்பயணத்தோடு வந்த அந்தக் கல்லில் 1409 என்னும் ஆண்டுக்குரிய சீன, தமிழ், பாரசீக வாசகங்கள் உள்ளன. ஆனால் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்னும் இந்துக் கடவுளுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கும் உரிய காணிக்கைகளைச் சொல்கின்றன. காணிக்கைப் பொருள்களின் பட்டியல் ஒத்திருந்தாலும் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அன்று. 'மும்மொழிக் கல்வெட்டு' என்ற வழக்கமான பெயரே போதும்.

இனி, முதல் வாசகர் கேட்ட தமிழ் வழக்கு. கா. அப்பாத்துரையாரையும் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரையும் 'பன்மொழிப் புலவர்' என்று அழைக்கிறோம். அவர்களுக்கு அது முற்றிலும் தகும். நாளிதழ் இளைஞருக்கு அதைச் சூட்டுவது மிகை, ஏனென்றால் 'புலவர்' என்றதும் இலக்கண இலக்கியப் பயிற்சி வந்து நிற்கிறது. மலேசியக் கடைத்தெருவில் தமிழும் மலாயும் சீனமும் ஆங்கிலமும் சரளமாய்ப் பேசும் வணிகரும் பாலிகிளாட்தான், ஆனால் புலவர் அல்லர். ஆகவே பொதுவாக ஆளுக்குப் 'பன்மொழியாளர்' என்றும், கற்றறிந்தவர்க்கு மட்டும் 'பன்மொழிப் புலவர்' என்றும் எழுதலாம். நூலுக்கு வெறும் 'பன்மொழி நூல்' என்றால் அகராதியும் அதில் அடங்கிவிடும் என்பதால், 'பன்மொழி ஒப்பீட்டுப் பதிப்பு' என்று ஒரு சொல் கூட்டி எழுதுவது நல்லது.