இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு எடை குறைக்க எந்தத் திட்டம் நல்லது?

கேள்வி: எனக்கு வயது 34. மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவளுக்கு 11 மாதம். அவள் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். இரவில் இரண்டு முறையாவது எழுந்திருப்பேன். உயரம் 158 செ.மீ. முதல் பிரசவத்துக்கு முன் 61 கிலோ, இப்போது 76. இரண்டாவது கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது, பிறகு சரியாகிவிட்டது என்றார்கள். மாவுச்சத்தே இல்லாத 30 நாள் டயட், மூன்று வேளையும் ஷேக் குடித்து 800 கலோரியில் இருப்பது, 16 மணி நேர விரதம் என்று மூன்று திட்டங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பே இரண்டு முறை டயட் ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். எனக்கு மனவுறுதி போதவில்லையோ என்று தோன்றுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடைசியாகச் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மனவுறுதி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரவில் எழுந்து எழுந்து பால் கொடுத்துவிட்டு, காலையில் மூத்தவனையும் கிளப்புகிறவருக்கு அதில் என்ன குறை? தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. அப்போது உடம்பு இனிப்பைத்தான் தேடும். நீங்கள் பாதியில் விட்ட டயட்டுகள் அநேகமாக, ராத்திரி முழுக்கத் தூங்கி, தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிற ஒருவரை மனதில் வைத்துப் போட்டவை. உங்கள் வீட்டு நிலவரம் அதுவல்ல.

சரி, திட்டத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பகாலச் சர்க்கரை பிரசவத்தோடு போய்விட்ட மாதிரி தெரிந்தாலும், அது வந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்திருக்க வேண்டும். அதன் பிறகும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். 'சரியாகிவிட்டது' என்று உங்களிடம் சொன்னது எந்தப் பரிசோதனையைப் பார்த்து? பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். குளுக்கோஸ் பரிசோதனை செய்யவே இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்.

கூடவே தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. பிரசவமான முதல் வருடத்தில் நூறு பெண்களில் சுமார் ஐந்து பேருக்கு தைராய்டு சுரப்பியில் அழற்சி வருகிறது. சிலருக்கு முதலில் சுரப்பு கூடிப் படபடப்பாக இருக்கும். அப்புறம் சுரப்பு குறைந்து சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டுவது, எடை ஏறுவது என்று வரும். குழந்தை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று எல்லோரும் சொல்லிவிடுவதால், எத்தனையோ பேருக்கு இது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ளுங்கள், ரத்தசோகையோடு யாராலும் வேகமாக நடக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறீர்களா? சிலருக்கு அதனாலும் எடை ஏறும். இன்னொன்று, எதிலும் பிடிப்பில்லாமல், காரணம் தெரியாமல் அழுகை வருகிற நாட்கள் அதிகம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத்தான் முதலில் சிகிச்சை. எடையைப் பிறகு பார்க்கலாம்.

இனி உங்கள் மூன்று திட்டங்கள்.

மாவுச்சத்து இல்லாத டயட்டில் முதல் வாரமே இரண்டு மூன்று கிலோ இறங்கும். மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது காலியானால் தண்ணீரும் போய்விடும். பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வரும். அதைவிட எனக்குப் பெரிய கவலை தாய்ப்பால். பால் கொடுக்கும் காலத்தில் மாவுச்சத்தை அறவே விட்ட தாய்மார்கள் சிலர், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் அளவுக்கு மீறி ஏறி, வாந்தியும் மூச்சிரைப்புமாக அவசர சிகிச்சைக்கு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான். இருந்தாலும் மகள் பால் குடிக்கும் வரை இது வேண்டவே வேண்டாம்.

800 கலோரி ஷேக் திட்டத்துக்கும் என் பதில் அதுதான். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குப் பால் சுரக்க உடம்பு தினமும் 500 கலோரி அளவுக்குச் செலவழிக்கிறது. உங்கள் மகள் வேறு உணவும் சாப்பிடுவதால் அது இப்போது குறைந்திருக்கும், ஆனால் நின்றுவிடவில்லை. பால் கொடுக்கும் வரை நாளுக்கு 1,800 கலோரிக்குக் கீழே போக வேண்டாம். பித்தப்பைக் கல்லையும் யோசிக்க வேண்டும். கர்ப்பமே கல் உருவாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எடை மளமளவென்று இறங்கினாலும் அந்த வாய்ப்பு கூடும். இரண்டும் சேர வேண்டாமே. சமைக்க முடியாத ஒரு வேளைக்கு மட்டும் ஷேக் குடித்துக்கொள்வதில் தவறில்லை.

விரதம் மற்ற இரண்டைப் போல ஆபத்தானது இல்லை. ஆனால் மொத்தத்தில் அதே அளவு கலோரியைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான் கிடைக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் பசியோடு படுத்திருந்து, மறுநாள் மதியம் வரை காத்திருப்பது உங்களுக்கு எதற்கு?

அப்படியானால் எது? என்னிடம் வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் இந்தத் திட்டத்தில் பாதியையாவது உங்களால் செய்ய முடியுமா? முடியாது என்றால், அது எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் உங்களுக்கு ஒத்து வராது. காய்ச்சல் நாட்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் செய்கிற அதே சாப்பாடு. உங்கள் தட்டில் மட்டும் அளவை மாற்றுங்கள். பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், மீதிக் கால் பங்குக்கு மாவுச்சத்து. சர்க்கரை போட்ட பானங்களை நிறுத்திவிடுங்கள். வாரம் அரை கிலோ குறைந்தால் போதும். இந்த வேகத்தில் குறைந்தால் பாலும் குறையாது, குழந்தையின் வளர்ச்சியும் கெடாது. 15 கிலோ என்ற கணக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்குக் கொடுத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான். அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 76 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். உங்கள் முதல் இலக்கு அதுவாக இருக்கட்டும்.

தொடங்கும் முன் மூன்று நாள், சாப்பிடுவதை எல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். ஒரு அம்மா எழுதிக்கொண்டு வந்த தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. '8.40, பையன் வைத்த மீதி. 11, பிஸ்கட் 3. 2.10, இரண்டு பேர் தட்டிலும் மீதி. 4.30, பிஸ்கட் 4.' ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நின்றுகொண்டே' என்று எழுதியிருந்தார். அவருக்கென்று தட்டு போட்டுச் சாப்பிட்டது மூன்று நாளில் இரண்டே வேளை. டயட் எதுவும் எழுதித் தராமல், மதியச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு, உட்கார்ந்து, குழந்தைகள் சாப்பிடுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, குழந்தைகளின் மீதியைத் தொடத் தோன்றவில்லை என்றார்.

உடற்பயிற்சியில் வயிற்றைக் குறைக்கும் பயிற்சிகளுக்கு அவசரப்படாதீர்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை லேசாகத் தூக்கிக்கொண்டு, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக உள்ளே போனால் வயிற்றுத் தசைகள் இன்னும் விலகியே இருக்கின்றன. அப்படியானால் படுத்து எழும் பயிற்சிகள் இப்போது வேண்டாம். சிறுநீரை அடக்குவது போலத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சியில் தொடங்க வேண்டும். இருமும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், பிசியோதெரபிஸ்ட் நன்றாகச் சரி செய்வார். பெல்ட் கட்டினால் கொழுப்பு கரையாது. வேகமான நடையைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போகலாம். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் இருக்கட்டும்.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பால் கொடுக்கும்போது செமாகுளுடைட் போன்றவை வேண்டாம். பிறகு எப்போதாவது போட்டுக்கொண்டால், அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். 'இயற்கை' என்ற பெயரில் வரும் எடை குறைப்புப் பொடிகள், மாத்திரைகள் பக்கம் போகவே போகாதீர்கள். இதய ஆபத்து காரணமாக 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபூட்ரமின், இப்படிப்பட்ட பொருட்களில் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்தது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் சாப்பிடுவது பால் வழியாகக் குழந்தைக்கும் போகலாம்.

பரிசோதனை முடிவுகளையும் மூன்று நாள் தாளையும் உங்கள் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேலோ, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 அல்லது அதற்கு மேலோ இருந்தால் எனக்கும் எழுதுங்கள். சாப்பாட்டு அளவில் இன்னும் சில மாற்றங்கள் செய்ய வேண்டியிருக்கும், சொல்கிறேன்.