கதையில் வந்த கருவிகள் நிஜத்தில் வருமா? கேள்வி பதில்

முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். அறிவியல் புனைகதைகளில் வரும் கருவிகளைப் பற்றி மாணவர்கள் கேட்காத வருடமே கிடையாது. இந்த முறை கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒரு சின்ன வேண்டுகோள்: "இது முடியுமா?" என்பதோடு நிறுத்தாமல் "இதை எது தடுக்கிறது?" என்றும் கேட்டுப் பாருங்கள். இயற்கை விதியே தடுக்கிறதா, தகுந்த பொருள் கிடைக்கவில்லையா, ஆற்றல் போதவில்லையா? முதலாவதோடு சண்டை போட முடியாது. மற்ற இரண்டோடு போடலாம், போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

பிரபு, ஈரோடு: மேடம், சினிமாவில் வரும் ஒளி வாளைச் செய்ய முடியுமா?

ஒளியை ஒரு மீட்டர் தூரத்தில் "நில்" என்று நிறுத்த முடியாது. தடுக்க ஏதாவது இருந்தால்தான் நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு டார்ச் வெளிச்சத்தைக் குறுக்கே அடித்துப் பாருங்கள், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். வாளோடு வாள் மோதாது. 2013இல் ஹார்வர்டு, எம்ஐடி ஆய்வாளர்கள் மிகவும் குளிரவைத்த ருபிடியம் வாயுவுக்குள் இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒட்டிக்கொண்டு நகரவைத்தார்கள். அருமையான சோதனை. ஆனால் அந்த வாயுவை விட்டு வெளியே வந்தால் அந்த ஒட்டுதல் கிடையாது.

வெட்டுவதுதான் வேலை என்றால் உங்கள் பக்கத்துக் கோவைப் பட்டறைகளிலேயே மின்சாரத்தால் கொதிக்கவைத்த வாயுவைப் பாய்ச்சி வெட்டும் பிளாஸ்மா கட்டிங் நடக்கிறது. இரும்புத் தகட்டைச் சீவித் தள்ளும். அதன் பின்னால் கம்ப்ரஸரும் கனமான மின் வயரும் இருக்கும். அந்த ஆற்றலைக் கைப்பிடிக்குள் அடைக்க இன்று வழி இல்லை.

நந்தினி, திருச்சி: ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றுவது? சீனா ஏற்கெனவே செய்துவிட்டதாகச் செய்தி படித்தேன்.

நீங்கள் படித்தது 2017இல் மிசியஸ் என்ற சீனச் செயற்கைக்கோளை வைத்து நடந்த சோதனை. தரையில் இருந்த ஃபோட்டானின் குவாண்டம் நிலையை, அதாவது அந்தத் துகள் எப்படி இருக்கிறது என்ற முழு விவரத்தை, 1,400 கி.மீ. வரை தொலைவிலிருந்த செயற்கைக்கோளுக்கு மாற்றினார்கள். இதற்கான கோட்பாடு 1993இல் வந்தது, முதல் சோதனைகளில் ஒன்று 1997இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் நடந்தது. போனது பொருள் அல்ல, அதன் நிலை. அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஒரு ஃபோட்டான் முன்பே தயாராக இருக்க வேண்டும். இடையில் சாதாரண முறையில் ஒரு செய்தியும் போயாக வேண்டும் என்பதால் ஒளியை மிஞ்சிய வேகமும் கிடையாது.

சரி, மனிதரை அனுப்பினால்? 70 கிலோ உடலில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை, 7 போட்டு 27 சைபர். ஓர் அணுவுக்கு ஒரே ஒரு பைட் தகவல் என்று மிகக் கஞ்சத்தனமாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு ஜிகாபைட் வேகத்தில் அனுப்பினால் சுமார் 22,000 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

நந்தினி மறுபடியும்: இன்டர்நெட் வேகம் கூடினால் முடியும் அல்லவா?

வேகம் கூடலாம். ஆனால் குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க முடியாது, அது விதி. அனுப்பும்போது இந்தப் பக்கத்து நிலை அழிந்துவிடும். அதாவது அங்கே நீங்கள் எழுந்து நிற்பதற்கு இங்கே உங்களை ஒவ்வோர் அணுவாகக் கலைத்தாக வேண்டும். வந்து நிற்பது நீங்கள்தானா என்பதற்கு இயற்பியல் பதில் சொல்லாது. எனக்கு இது பயம் தரும் கருவி, ஆசை தரும் கருவி அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: விண்வெளிக்கு லிஃப்ட் அமைப்பது பற்றி ஆர்தர் சி. கிளார்க் எங்கட நாட்டை வைத்து எழுதிய நாவலை வாசித்தேன். நடக்கக்கூடிய விஷயமா, டீச்சர்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1979இல் வந்த அந்த நாவலில் இலங்கையைப் போன்ற ஒரு தீவைச் சுமார் 800 கி.மீ. தெற்கே நகர்த்தி, நிலநடுக்கோட்டில் வைத்தார். காரணம், பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே புள்ளிக்கு மேல் நிற்கும் புவிநிலைப் பாதை நிலநடுக்கோட்டுக்கு மேலே மட்டும்தான் இருக்கிறது, 35,786 கி.மீ. உயரத்தில். அந்தப் பாதையில் செயற்கைக்கோள்களை நிறுத்தி உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவரும் அவர்தான். லிஃப்ட் யோசனையை ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1895இல் ஒரு கோபுரமாகக் கற்பனை செய்தார். கீழிருந்து கட்ட வேண்டாம், மேலிருந்து கயிற்றை இறக்கலாம் என்று 1960இல் அதைத் திருப்பிப் போட்டவர் யூரி அர்ட்சுதனோவ்.

கிணற்றில் வாளிக் கயிறு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு நீளமாக ஆக, வாளியைவிடக் கயிறே கனக்க ஆரம்பிக்கும். எவ்வளவு உறுதியான எஃகுக் கம்பியாக இருந்தாலும், சில பத்து கி.மீ. தொங்கவிட்டால் தன் எடையாலேயே அறுந்துவிடும். குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் கெவ்லார் சுமார் 250 கி.மீ. தாங்கும். நமக்குத் தேவையோ, மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஏறக்குறைய 5,000 கி.மீ. தாங்கும் இழை. கயிற்றை நடுவில் பருமனாகவும் முனைகளில் மெல்லியதாகவும் செய்தால் இந்தக் கணக்கைக் குறைக்கலாம். ஆனால் எஃகில் அப்படிச் செய்தால் பருமன் கற்பனைக்கு எட்டாத அளவுக்குப் போய்விடும்.

1991க்குப் பிறகு, கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோகுழாய் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. கணக்குப்படி அந்த உறுதி அதற்கு உண்டு. ஆனால் குறையில்லாமல் வளர்த்த மிக நீளமான குழாய்களில் ஒன்று, 2013இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் வந்தது, அரை மீட்டர்தான். அரை மீட்டருக்கும் 36,000 கி.மீ.க்கும் நடுவில் நிற்கிறோம். ஜப்பானின் ஒபயாஷி என்ற கட்டுமான நிறுவனம் 2050ஐ இலக்காக வைத்து 2012இல் ஒரு திட்டம் வெளியிட்டது. அதில் லிஃப்ட் மணிக்கு 200 கி.மீ. போகும். அந்த வேகத்தில் மேலே சேர ஏழரை நாள்.

என் கருத்து: இயற்கை விதி தடுக்கவில்லை, பொருள்தான் தடுக்கிறது. அதனால் இதை "முடியாது" பட்டியலில் சேர்க்க மாட்டேன். முதல் லிஃப்ட் நிலவில் வரலாம் என்றுகூட நினைக்கிறேன். அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் இன்று கடையில் கிடைக்கும் இழைகளே போதும் என்று கணக்குகள் காட்டுகின்றன.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: உடுத்தினால் மறைந்துபோகும் போர்வை உண்டா மேடம்?

2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு செப்பு உருளையை மறைத்துக் காட்டினார்கள். லண்டனின் ஜான் பென்ட்ரி கொடுத்த கணக்கை வைத்து, நுண்ணிய செப்பு வளையங்கள் பதித்த வட்டங்களை அதைச் சுற்றி நிறுத்தினார்கள். ஆற்று நீர் பாறையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஒன்றுசேர்வதுபோல அலை உருளையைச் சுற்றிப் போனது. ஆனால் அது மைக்ரோ அலை, சுமார் மூன்றரை செ.மீ. நீளம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அந்த அளவுக்கு வளையங்களைச் சிறிதாக்க வேண்டும், எல்லா நிறத்துக்கும் ஒரே சமயத்தில் வேலை செய்யவும் வேண்டும். இரண்டாவதுதான் பெரிய முட்டுக்கட்டை.

அதோடு, ஒளி உங்களைச் சுற்றிப் போகிறது என்றால் உங்கள் கண்ணுக்குள்ளும் வராது. போர்வைக்குள் ஒரே இருட்டு. வெளியே பார்க்க ஓட்டை போட்டால், அந்த ஓட்டை மற்றவர்களுக்குத் தெரியும்.

செல்வம், நெய்வேலி: கதை முதலில் வருகிறதா, கண்டுபிடிப்பு முதலில் வருகிறதா?

இரண்டும் உண்டு. முதல் கைபேசி அழைப்பை 1973 ஏப்ரல் 3ஆம் தேதி நியூயார்க் தெருவில் நின்று பேசியவர் மார்ட்டின் கூப்பர். கருவி ஒரு கிலோவுக்கு மேல் கனம். ஸ்டார் டிரெக் என்ற டிவி தொடரைப் பார்த்துத்தான் செய்தார் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ஆனால் சித்திரக்கதைத் துப்பறிவாளர் டிக் டிரேசியின் மணிக்கட்டு ரேடியோதான் தன்னைத் தூண்டியது என்று அவர் பின்னாளில் சொன்னார். அந்த ரேடியோ சித்திரக்கதையில் வந்தது 1946இல்.

என்னை உலுக்கும் உதாரணம் வேறு. எச்.ஜி. வெல்ஸ் 1914இல் ஒரு நாவலில் அணுகுண்டு என்ற பெயரையே வைத்து எழுதினார். லியோ சிலார்டு என்ற ஹங்கேரிய இயற்பியலாளர் அதை 1932இல் படித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், அணுவிலிருந்து ஆற்றல் எடுப்பதெல்லாம் வெறும் பேச்சு என்று அணுக்கருவைக் கண்டுபிடித்த ரூதர்ஃபோர்டே சொன்னதாகப் பத்திரிகையில் பார்த்தார். லண்டன் தெருவில் சிக்னலுக்காக நின்று சாலையைக் கடக்கும்போது ஓர் அணுவில் நடப்பது அடுத்த அணுக்களைத் தூண்டிக்கொண்டே போகும் தொடர்வினை பற்றிய யோசனை அவருக்கு வந்தது. 1934இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், பிறகு அது ரகசியமாக இருக்கட்டும் என்று பிரிட்டிஷ் கடற்படையிடம் ஒப்படைத்தார். நாவலைப் படித்திருந்ததால் அதன் முடிவு எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1942 டிசம்பர் 2ஆம் தேதி சிகாகோவில் முதல் அணு உலை இயங்கியபோது அவரும் அங்கே இருந்தார். அணுவைக் கதை கண்டுபிடிக்கவில்லை, ஆனால் ஒருவரை முன்கூட்டியே பயப்பட வைத்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மும்.

அருண், தாம்பரம்: டிராஃபிக் தாங்க முடியவில்லை. முதுகில் மாட்டிப் பறக்கும் ஜெட்பேக் எப்போது?

1961லேயே வந்துவிட்டது, தம்பி. அமெரிக்காவின் பெல் நிறுவனம் செய்த ராக்கெட் பெல்ட். எரிபொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. பறக்கக்கூடிய நேரம் சுமார் 21 விநாடி. உங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் இறங்க வேண்டும்.

ஏன் என்றால், அந்தரத்தில் நிற்கக் காற்றையோ வாயுவையோ கீழே தள்ள வேண்டும். நிறைய காற்றை மெதுவாகத் தள்ளினால் ஆற்றல் செலவு குறைவு. ஹெலிகாப்டருக்கு அவ்வளவு பெரிய இறக்கை இருப்பது அதனால்தான். முதுகில் மாட்டும் அளவில் கொஞ்சம் வாயுவைப் படுவேகமாகத் தள்ள வேண்டியிருக்கிறது, எரிபொருள் கொட்டுகிறது. பறக்கும் டாக்சிகள் பல விசிறிகள் வைப்பதும் இதே காரணத்தால். அவற்றுக்கு இடைஞ்சல் பேட்டரி: ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணி, ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் சுமார் 250. சென்னை ஐஐடியில் பிறந்த இ-பிளேன் நிறுவனம் மின்சாரத்தில் செங்குத்தாக எழும்பும் சிறு விமானத்தை உருவாக்கி வருகிறது. முதலில் அவசர மருத்துவத்துக்கு வந்தால் நல்லது. அலுவலகம் போக மெட்ரோவையே நம்புங்கள்.

மலர்விழி, பினாங்கு: எந்த மொழியையும் உடனுக்குடன் மாற்றிச் சொல்லும் கருவி வந்துவிட்டது என்கிறார்களே அக்கா?

வந்துவிட்டது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் "உடனுக்குடன்" என்பதில்தான் சிக்கல். "நான் நாளைக்கு உங்கள் வீட்டுக்குக் குழந்தைகளோடு வர..." என்று தொடங்குகிறேன். முடிவில் "வருகிறேன்" என்பேனா "வரமாட்டேன்" என்பேனா என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் "மாட்டேன்" முதலிலேயே வந்துவிட வேண்டும். அதனால் கருவி என் வாக்கியம் முடியும்வரை காத்திருக்கும், அல்லது ஊகிக்கும். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமானாலும், நான் இன்னும் சொல்லாததை அது கேட்க முடியாது.

திரும்பி வரும்போது வேறு பிரச்சினை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். அது "நீ"யா "நீங்கள்"ஆ என்று எதிரில் நிற்பவர் மாமியாரா தம்பியா என்று தெரிந்தால்தான் முடிவு செய்யலாம். இது கருவி திருத்திக்கொள்ளக்கூடிய விஷயம், திருத்திக்கொள்ளும் என்றே நம்புகிறேன்.

கார்த்திக், சேலம்: கால இயந்திரம்?

எதிர்காலத்துக்கு, ஆமாம். ரஷ்ய விண்வெளி வீரர் செர்கெய் கிரிகலேவ் மொத்தம் 803 நாள் விண்வெளியில் இருந்தார். அந்த வேகத்தில் அவர் கடிகாரம் மெதுவாக ஓடியதால், நம்மைவிடச் சுமார் 0.02 விநாடி இளமையாகத் திரும்பினார். உங்கள் போனின் ஜிபிஎஸ்ஸும் நாளொன்றுக்கு 38 மைக்ரோவிநாடி வித்தியாசத்தைச் சரிசெய்துதான் வழி காட்டுகிறது. கடந்த காலத்துக்குப் போக எனக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை.

சுமதி, நாகர்கோவில்: நோயாளியை உறையவைத்து, மருந்து கண்டுபிடித்த பிறகு எழுப்ப முடியுமா?

முழு மனிதரை முடியாது. கருவை உறையவைத்துக் குழந்தை பெறுவது 1984 முதல் நடக்கிறது, ஏனென்றால் கரு மிகச் சிறியது. பெரிய உறுப்பில் நீர் பனிக்கட்டியாகி செல்களைக் கிழிக்கும். அதைத் தடுத்தாலும், உருகவைக்கும்போது வெளிப்புறம் முதலில் சூடாகி உறுப்பு விரிசல் விடும். 2023இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், உறையவைத்த எலியின் சிறுநீரகத்துக்குள் மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு நானோதுகள்களைச் செலுத்தி, காந்தப் புலத்தால் உள்ளும் புறமும் ஒரே சீராகச் சூடாக்கினார்கள். 100 நாள் வரை வைத்திருந்த சிறுநீரகங்கள் வேறு எலிகளுக்குப் பொருத்தப்பட்டு வேலை செய்தன. மனிதச் சிறுநீரகத்துக்கு இது வந்தால் உறுப்புக்காகக் காத்திருக்கும் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். எனக்கு அதுவே போதும்.

நந்தினி, கடைசியாக: உங்களுக்கு எந்தக் கருவி வேண்டும் மேடம்?

மனதில் நினைப்பதைப் பேச்சாக்கும் கருவி. 2023இல் ஸ்டான்ஃபோர்டு குழு, பேச்சிழந்த ஒரு பெண்ணின் மூளையிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்களைப் படித்தது. அதே நேரத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு குழு, பக்கவாதத்தால் பதினெட்டு வருடம் பேசாமல் இருந்த ஒரு பெண்ணுக்கு 253 மின்முனைகளை மூளையின் மேல் வைத்து 78 சொற்கள் வரை கொண்டுவந்தது. குரலையும் அவருடையதாகவே அமைத்தார்கள், அவருடைய கல்யாண வீடியோவில் அவர் பேசியதிலிருந்து எடுத்து.

என் அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருடம் பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால் சொம்பைக் காட்டுவாள். சொம்பைக் காட்டுவது சில சமயம் தண்ணீருக்காக அல்ல, எதற்கு என்று எங்களால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை. அந்த ஆய்வைப் படித்த அன்று என் அண்ணன் கல்யாணக் கேசட்டைத் தேடி எடுத்தேன். பந்தியில் யாரையோ "இலை போட்டாச்சு, வாங்க" என்று அம்மா கூப்பிடுகிறாள். நான்கு விநாடி இருக்கும்.