பெண்ணின் உச்சகட்டம்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: திருமணமாகி 4 ஆண்டுகள் ஆகின்றன. உடலுறவின்போது நான் ஒருமுறைகூட உச்சகட்டத்தை அடைந்ததில்லை. என் உடலில் ஏதேனும் குறை இருக்கிறதா?

பதில்: நீங்கள் எழுதியதில் குறைக்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பெண்ணின் இன்ப உணர்வுக்கு முதன்மையான உறுப்பு யோனிக்குழாய் அன்று; சிறுநீர்த் துவாரத்துக்கு மேலே அமைந்துள்ள கிளிட்டோரிஸே அது. வெளியே தெரியும் மொட்டு அதன் நுனி மட்டுமே. யோனியின் இருபுறமும் உள்ளுக்குள் படர்ந்திருக்கும் அதன் முழு வடிவத்தை ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓகானல் 1998இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. அதற்கு முந்தைய உடற்கூற்று நூல்கள் பலவும் இந்த உறுப்புக்கு உரிய இடத்தைத் தரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. கருவில் ஆண்குறியும் கிளிட்டோரிஸும் ஒரே திசுவிலிருந்துதான் உருவாகின்றன. ஆண்குறியைத் தொடாமலேயே ஆணுக்கு உச்சகட்டம் வர வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. உங்களிடம் மட்டும் அப்படி எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்? உறவுக்கு முன்போ, இடையிலோ, பின்போ விரலால் அந்த இடத்தை மென்மையாகத் தூண்டுவது பெரும்பாலான பெண்களுக்குத் தேவைப்படுகிறது. எந்த அழுத்தம், எந்த வேகம் பிடிக்கிறது என்பதை முதலில் நீங்களே தனிமையில் அறிந்துகொண்டால், கணவரிடம் சொல்வது எளிதாகும்.

கேள்வி: எனக்கு ஆசை தானாக வருவதில்லை. கணவர் அணைத்துக் கொஞ்சிய பிறகுதான் வருகிறது. இது இயல்பா?

பதில்: முற்றிலும் இயல்பு. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1966இல் உடலுறவின்போது உடலில் நிகழும் மாற்றங்களைக் கிளர்ச்சி, நீடிப்பு, உச்சகட்டம், தணிவு என்று 4 நிலைகளாக வகுத்தார்கள். ஆனால் நீண்டகால உறவில் இருக்கும் பெண்கள் பலருக்கு, நெருக்கமும் தொடுதலும் முதலில் கிளர்ச்சியை எழுப்ப, அதன் பின்னரே ஆசை பிறக்கிறது என்று கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000ஆம் ஆண்டில் விளக்கினார்.

கேள்வி: பெண்ணுறுப்பில் ஈரம் சுரந்தால் மனைவிக்கு விருப்பம் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. யோனிச் சுவரில் ரத்த ஓட்டம் கூடும்போது கசியும் நீர் அது. விருப்பமே இல்லாதபோதும் சுரக்கலாம், மிகுந்த விருப்பம் இருந்தும் சுரக்காமல் போகலாம். சம்மதத்தை அவருடைய வாய்ச்சொல்லில்தான் அறிய வேண்டும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியபின் உச்சகட்டம் வருவதே இல்லை.

பதில்: மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகளில் இது அடிக்கடி காணப்படும் பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருந்து எழுதியவரிடம் கூச்சமின்றிச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு.

கேள்வி: மனைவி உச்சகட்டம் அடைந்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அப்போது இடுப்புத்தளத் தசைகள் ஏறத்தாழ 0.8 விநாடிக்கு ஒருமுறை சுருங்கி விரியும் என்றாலும், அதை வைத்துக் கணிக்க முயல வேண்டாம். "வந்ததா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்போது அது தேர்வாகிவிடுகிறது, கணவர் மனம் நோகக் கூடாதென்று பெண்கள் நடிக்கத் தொடங்குவதும் அங்கேதான். "எது பிடித்தது, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேளுங்கள்; அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள்.