ஜெட்டைத் தொடும் முன்: பழைய பைக் கார்ப்பரேட்டர் கேள்வி பதில்

ஆர்எக்ஸ் 100, புல்லட், யெஸ்டி வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பாதிப் பேர் "கார்ப்பரேட்டர் மக்கர் பண்ணுது" என்று மட்டும் எழுதுகிறீர்கள். ஸ்லோவிலா (முறுக்காமல் எஞ்சின் தானாக ஓடும்போதா), பாதி த்ராட்டிலிலா, முழுசாக முறுக்கும்போதா? சூடானபிறகா, காலையிலேயா? அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஆர்எக்ஸ் 100. சிக்னலில் ஸ்லோ நிற்பதில்லை, ஆனால் முறுக்கினால் பறக்கிறது. மெக்கானிக் மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு) மாற்றிவிட்டார், அப்படியும் சரியாகவில்லை.

ஆகாது. முறுக்கினால் நன்றாக ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட்டில் என்ன குறை? அது முக்கால் த்ராட்டிலுக்கு மேல்தான் ஆட்சி செய்யும். பாதி த்ராட்டிலில் ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி. ஸ்லோவும் முதல் முறுக்கும் பைலட் ஜெட்டின் பொறுப்பு. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வட்டமாக ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தாலோ மங்கலாக இருந்தாலோ அடைப்புதான். கார்ப் கிளீனரில் ஊறவைத்து ஏர் அடியுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, ஓட்டை அகன்றுவிட்டால் அந்த ஜெட் குப்பைக்குத்தான்.

மாட்டியபின் ஏர் ஸ்க்ரூவை அழுத்தாமல் முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் கால் சுற்று கால் சுற்றாக மாற்றி, ஸ்லோ எங்கே சீராக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இந்த வண்டியில் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பதால் உள்ளே போனால் பெட்ரோல் கூடும், வெளியே வந்தால் குறையும்.

அதே வண்டிதான், ஆனால் எனக்கு நேரெதிர். த்ராட்டிலை விட்டாலும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் கேபிள் சிக்குகிறதா, ஸ்லைடு தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது. வண்டியை ஸ்லோவில் விட்டு, கார்ப்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டைச் சுற்றி ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடியுங்கள். சத்தம் மாறும் இடம்தான் குற்றவாளி. பெட்ரோலை அடித்துப் பார்க்கும் ஆட்களும் உண்டு, சூடான எஞ்சினில் அந்த விளையாட்டு வேண்டாம். வெளியே ஒன்றும் அகப்படவில்லை என்றால் மேக்னட் பக்க கிராங்க் ஆயில் சீலைச் சந்தேகப்படுங்கள். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் அடையாளமே வேறு: கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும், சைலன்சரில் புகை தள்ளும். திருட்டுக் காற்றோடு இப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிக்கிவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

புல்லட் 350. பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து ஒரே கிக்கில் ஸ்டார்ட்.

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சத்தம் இல்லையா? கார்ப்பரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவை ஒரு டப்பா பிடித்துத் திறந்து பாருங்கள் (அந்த நேரம் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது). பெட்ரோல் நிற்காமல் ஓடினால் கார்ப்பரேட்டரை விட்டுவிட்டு காயில், கண்டென்சர் பக்கம் போங்கள். சூட்டில் ஸ்பார்க் செத்து, ஆறியதும் உயிர்பெறும் காயிலுக்காக எத்தனையோ நல்ல கார்ப்பரேட்டர்களை மாற்றியிருக்கிறார்கள்.

யெஸ்டி. இரவு நிறுத்தினால் காலையில் கீழே பெட்ரோல்.

இரண்டு தவறு சேர்ந்தால்தான் இது நடக்கும்: கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி அடைக்கவில்லை, பெட்ரோல் டேப்பும் மூடவில்லை, அல்லது நீங்கள் மூடவில்லை. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே 'களக்' என்றால் ஓட்டை. ஊசியின் நுனியில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். டேப்பின் கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும்.

எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா?

கெடுக்கும், ஆனால் ஒரே நாளில் அல்ல. நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது அதே ஜெட்டில் கலவை பெட்ரோல் போனால் காற்று மிஞ்சிவிடும். ப்ளக் வெளுத்து, எஞ்சின் கூடுதலாகச் சுட்டால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றலாம். ப்ளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எதையும் தொடாதீர்கள்.

பெரிய தொல்லை ரப்பரும் தண்ணீரும். பழைய டியூப், ஓ-ரிங் ஊதிப்போகும் அல்லது விரிசல் விடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்துப் பெட்ரோலை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிப் பாருங்கள்: தனியாக உருளும் துளிகளோ துருப்பொடியோ இருந்தால் டேங்கையே கழுவ வேண்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலியாக்குங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றினால் சத்தம் கெத்தாக இருக்கிறது. பரவாயில்லையா?

பிஸ்டன் செட்டுக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.