கட்டியின் டிஎன்ஏவையே முழுசாகப் படித்துவிடுகிறார்களே, அப்புறம் ஆளுக்கேற்ற புற்றுநோய்த் தடுப்பூசிக்கு இலக்கைத் தேர்ந்தெடுப்பதில் என்ன கஷ்டம்?

படிப்பது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை. மெலனோமா என்கிற தோல் புற்றுநோயில் நூற்றுக்கணக்கான மியூட்டேஷன்கள் கிடைத்துவிடும், இலக்கைத் தேடுவது இந்த டிஎன்ஏ மாற்றங்களில்தான். அவற்றில் பெரும்பாலானவை எதற்கும் உதவாது, உதவப்போவது எது என்பதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஒரே ஒரு மியூட்டேஷனை எடுத்துக்கொள்வோம். முதலில் அந்த மரபணு கட்டியில் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், பல மரபணுக்கள் ஆர்என்ஏவாகக்கூட வருவதில்லை. புரதம் உருவாகி, அது துண்டாகும்போது மாறிய இடம் உள்ளே இருக்கிற மாதிரி ஒன்பது அமினோ அமிலம் அளவுக்கு ஒரு துண்டு மிஞ்ச வேண்டும். புரதத் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் மூலக்கூறுக்கு எச்எல்ஏ என்று பெயர், அந்தத் துண்டு அந்த நோயாளியின் எச்எல்ஏவில் இருக்கும் பள்ளத்தில் பொருந்தி உட்கார வேண்டும். எச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எனக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இதுவரை கணினி ஓரளவு நன்றாகவே கணித்துவிடும். ஆனால் அதைப் பார்த்ததும் நோய் எதிர்ப்புச் செல்லான டி செல் தாக்கக் கிளம்புமா? ஒன்பதில் எட்டு நம் உடம்பில் ஏற்கெனவே இருப்பதுதான், மாறிய அந்த ஒன்றும் பள்ளத்துக்குள் புதைந்து நின்றால் பல சமயம் டி செல்லுக்கு வித்தியாசமே தெரியாது.

2020இல் செல் இதழில் டெஸ்லா (TESLA) என்கிற ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் ஆய்வு வந்தது. ஒரே கட்டிகளின் டேட்டாவைப் பல குழுக்களிடம் கொடுத்துக் கணிக்கச் சொல்லி, அதிலிருந்து 608 துண்டுகளைச் சோதித்தார்கள். டி செல் அடையாளம் கண்டது வெறும் 37ஐ.

மாடர்னா, மெர்க் மருந்துக் கம்பெனிகள் ஒரே தடுப்பூசியில் 34 இலக்குகள் வரை வைப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். கணையப் புற்றுநோயில் மியூட்டேஷனே குறைவு, அந்த வசதியும் இல்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் இந்த நோயுள்ள 16 பேருக்கு, ஆளுக்கு 20 இலக்குகள் வரை வைத்துப் போட்டார்கள். 8 பேருக்குத்தான் டி செல்கள் கிளம்பின, அவர்களிலும் பாதிப் பேருக்கு ஒரே ஒரு இலக்குதான் பலித்தது. அந்த எட்டுப் பேருக்கும் சுமார் 18 மாதக் கண்காணிப்பில் நோய் திரும்பவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் சரியான இலக்கு ஒன்று கிடைத்தாலே போதுமோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று, இலக்கு கட்டியின் எல்லா செல்களிலும் இருக்க வேண்டும். சாம்பிள் எடுத்த மூலையில் மட்டும் இருந்தால் மீதி தப்பித்துவிடும். எச்எல்ஏ மரபணுவையே தொலைத்துவிட்டு ஒளிந்துகொள்ளும் கட்டிகளும் உண்டு.

பலிக்காத துண்டுகளின் பட்டியலையும் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்பேன், மென்பொருள் அதிலிருந்துதான் அதிகம் கற்கும். இப்போது அது கற்கும் டேட்டாவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது, நம் ஊர்க்காரர்களின் எச்எல்ஏ வகைகள் பலவற்றுக்கு அதில் போதிய டேட்டா கிடையாது.