ஃபார்ச்சூன்: அதிர்ஷ்டமா, ஆஸ்தியா?

அன்புள்ள ஐயா,

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைத் தமிழாக்கிப் பார்க்கிறேன். முதல் வரியில் வரும் 'எ குட் ஃபார்ச்சூன்' என்பதை 'நல்ல அதிர்ஷ்டம்' என்று எழுதினேன். தவறு என்கிறார் நண்பர். ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள்? 'ஃபோர்ட்', 'ஃபோர்ட்நைட்' எல்லாம் இதே வேரா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வதே சரி. முன்னால் நிற்கும் 'எ'யைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் நல்லூழ், அதிர்ஷ்டம். இருந்தால் பெரும்பாலும் சொத்து. 1813இல் வந்த அந்த நாவலில் பிங்லி என்ற இளைஞனுக்குத் தந்தை விட்டுப்போனது ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்டு. ஊரார் பேசுவதோ ஆண்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம். அதாவது நாலைந்து சதவீத வருமானம். முதல் கரையாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். 'நல்ல சொத்துபத்து' என்று போடுங்கள். 'அதிர்ஷ்டம்' என்றால் வடமொழியில் 'காணப்படாதது'. பிங்லியின் பணமோ ஊருக்கே தெரியும்!

கதாநாயகன் டார்சியின் தங்கைக்கு முப்பதாயிரம் பவுண்டு. அங்கே அதே சொல்லைச் 'சீதனம்' என்றுதான் பெயர்க்க வேண்டும். வெறும் 'சொத்து' என்றால், பதினைந்து வயதுப் பெண்ணை விக்கம் என்பவன் அழைத்துக்கொண்டு ஓடப் பார்த்த காரணம் மங்கிவிடும்.

இன்னொரு பொறி 'எ ஸ்மால் ஃபார்ச்சூன்'. சிறு தொகை அல்ல, கொள்ளைப் பணம். பன்மையில் வந்தால் ஏற்ற இறக்கம். 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' பணக்காரச் சிப்பாய் அல்ல, கூலிக்குப் போரிடுபவன்.

வேருக்கு வருவோம். லத்தீனில் 'ஃபோர்ஸ்' என்றால் தற்செயல். அதற்கு அடி 'ஃபெர்ரே': சுமத்தல், கொண்டுவருதல். காலம் எதைக் கொண்டுவந்து போடுகிறதோ அது. வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'பாரம்' இதற்கு ஒன்றுவிட்ட உறவு. ரோமர்களின் ஃபோர்ட்டூனா தேவி சிலைகளில் ஒரு கையில் சுக்கான், மறு கையில் கனிகள் நிறைந்த வளக்கொம்பு. வாழ்க்கையைத் திருப்புபவளும் அவளே, செல்வம் கொட்டுபவளும் அவளே. ஆங்கிலத்துக்குச் சொல் பிரெஞ்சு வழியாக 1300ஐ ஒட்டி வந்தது. சொத்து என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அங்கே ஊன்றியது.

'ஃபோர்ட்' வேறு குடும்பம். வலிமையைக் குறிக்கும் 'ஃபோர்டிஸ்' அதன் வேர். 'ஃபோர்ட்நைட்' பதினான்கு இரவு என்பதன் சுருக்கம், அவ்வளவே. உண்மையான உறவு 'ஃபார்ச்சூயிட்டஸ்'. அதன் பழைய பொருள் 'தற்செயலான' என்பது மட்டும். இன்று பலர் 'அதிர்ஷ்டவசமான' என்றும் எழுதுகிறார்கள். பழைய நாவல்களில் அதைக் கண்டால் நல்லது நடந்ததாக எண்ணி மொழிபெயர்த்துவிடாதீர்கள். மோதிய வண்டியும் 'ஃபார்ச்சூயிட்டஸ்'தான்.